இருபத்தேழாம் நம்பர் வால்வு

எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறி "காட்டேஜ் ஒண்ணு" என்று கேட்டால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் காட்டேஜ் இருக்காது. பஸ் திரும்புவதற்கு ஒரு தார்த் தரை, ஒரு சிமெண்ட் பெஞ்சு, செருப்புத் தைப்பவரின் கடை, அவ்வளவுதான். "காட்டேஜ் எங்கேங்க?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் அவர்கள் நிற்கிற தரையைக் காட்டுவோம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு அது. அவர் கப்பலேறிப் போனபிறகு அது அலுவலகமாக இருந்தது, விடுதியாக இருந்தது, கடைசியில் ஆட்டுக்கொட்டிலாகவும் இருந்தது. கூரை விழுந்த வருடம் கதவை ஒருவர், ஜன்னலை ஒருவர், கல்லை ஊரே சேர்ந்து என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெயரை மட்டும் யாராலும் தூக்க முடியவில்லை.

நான் எழுத வந்தது அந்த வீட்டைப் பற்றி அல்ல, என் அண்ணியைப் பற்றி. ஆனால் அந்த வீட்டை விட்டுவிட்டு அண்ணியைச் சொன்னால் கதை பாதியில் நிற்கும். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் சாவியக்கா. குடிநீர் அலுவலகத்தில் வால்வு திறப்பவர். நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே சதுரமாக ஒரு வாய். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கிளம்புவார். ஊரில் நாற்பத்தொரு வால்வுகள். குழியின் மூடியை நெம்பித் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, இடப்பக்கம் திருப்பினால் தெருவுக்குத் தண்ணீர் போகும், வலப்பக்கம் திருப்பினால் நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணித்தான் திருப்புவார். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பதை அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சந்தேகம் வந்தால் கைப்பிடியில் காதை வைத்து நிற்பார். குழாய்க்குள் தண்ணீர் ஓடுவது சாவி வழியாக மேலே கேட்கும். நடுத்தெருவில் இரும்புக் கம்பியோடு ரகசியம் பேசுகிற பெண்ணைப் பார்த்தால் வெளியூர் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போவார்கள். நம் கஷ்டம் நமக்கு என்று நினைத்திருப்பார்கள்.

நான் அதே அலுவலகத்தில் கிளார்க். அண்ணி வெயிலில் திறப்பதையும் மூடுவதையும் நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரில் எழுதுவேன். வீட்டில் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் மனைவி என்மீது கோபம் வந்தால் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் திட்டுவாள், அண்ணிக்கும் கேட்கட்டும் என்று.

அந்த வேலை முதலில் என் அண்ணன் பார்த்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், நெஞ்சு அடைக்கிறது என்றார். அப்போது எங்கள் மேல்தெருவில் ஆஸ்பத்திரி கிடையாது. கீழே டவுனுக்கு ஜீப்பில் ஒன்றே முக்கால் மணி நேரம். பின்சீட்டில் அண்ணியின் மடியில் அவரைப் படுக்க வைத்தோம். நான் முன்னால் உட்கார்ந்து, இன்னும் வேகமாகப் போகச் சொல்லி டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். பாதி வழியில் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "தம்பி, அவரைத் திட்டாதீங்க. இனிமே மெதுவாவே போலாம்."

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அண்ணனுடைய வேலையை அண்ணிக்குக் கொடுத்தார்கள். பொம்பளை அந்தச் சாவியைத் தூக்குவாளா என்று கேட்டவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து, காட்டேஜ் ஸ்டாப்பை ஒட்டிப் பன்னிரண்டு படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரி வந்தது. திறப்பு விழாவுக்கு அண்ணி வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரி வால்வை, விதிப்படி ஆறு சுற்று என்றால், எட்டு சுற்று திறந்தார். நான் ரிஜிஸ்டரில் ஆறு என்றே எழுதினேன். பக்கத்து வீட்டில் இருக்கிறவர், பகைத்துக்கொள்ள முடியுமா?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அந்தக் கடிதம் வந்தது. பிரசவம் பார்க்கிற இடத்தில் தினமும் தண்ணீர் இருக்க வேண்டும். மேல்தெரு ஆஸ்பத்திரிக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆகவே முப்பத்தைந்து நாளில் அதிகாரி வந்து பார்ப்பார். நிலைமை இதுவேயானால் பன்னிரண்டு படுக்கையும் கீழே டவுனுக்குப் போகும். சாரம் இதுதான். எங்கள் மோட்டார் ஒரு கிழட்டு மோட்டார். மேட்டுக்குத் தினமும் தண்ணீர் ஏற்றச் சொன்னால் புகைவிடும். புது மோட்டார் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இதுவரை ஒரு வரி பதில் கிடையாது. எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். அண்ணி வாசல் பக்கம் நின்று கேட்டார். சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, அந்த இருபத்தேழு ஏன் செத்தது?"

"எந்த இருபத்தேழு?"

"காட்டேஜ் வால்வு."

"செத்துப்போச்சு, அவ்ளோதான் அண்ணி. ரிஜிஸ்டர்ல இருக்கு."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"போய்ப் பாத்தா எழுதினீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் கிளார்க், அண்ணி. போய்ப் பாத்து எழுதறவன் இல்ல. போன வருஷத்தைப் பாத்து எழுதறவன்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அண்ணி சிரிக்கவில்லை. "அப்ப முதல் வருஷத்தை எடுங்க" என்றார்.

பீரோவின் அடித்தட்டில் கரப்பான் தின்றது போக மிச்சம் இருந்த ரிஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். தும்மித் தும்மியே மூக்கு சிவந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய ஏட்டில் கிடைத்தது. "எண் 27, காட்டேஜ் வால்வு. காட்டேஜ் தோட்டக்காரரிடமிருந்து இன்று பொறுப்பேற்றது. முழுவதும் திறந்த நிலையில் உள்ளது. நீர் வரவில்லை. செயலற்றது." அடுத்த வருடம் "செயலற்றது." அதற்கடுத்த வருடமும் அதுவே. கடைசிப் பத்தொன்பது "செயலற்றது"களும் என் கையெழுத்தில், அழகாக, கொம்பு சுழியோடு இருந்தன.

"அப்ப துரை காலத்துலேருந்து தோட்டக்காரர் காலம் வரைக்கும் தண்ணி வந்திருக்கு" என்றார் அண்ணி. "எங்கேருந்து வந்தது?"

மலைமேல் ஒரு ஊற்று இருந்ததாகவும், அங்கிருந்து துரை குழாய் போட்டு இறக்கியதாகவும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. யாரும் போய்ப் பார்த்ததில்லை. செத்த லைனுக்கு மேலே போய் யார் முட்டி தேய்வது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணி என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். மேல்தெரு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருபத்தேழாம் வால்வின் குழி. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரே ஈரம், சுவரெல்லாம் பாசி. மற்ற நாற்பதுக்கும் போடுவதுபோல் இதற்கும் வருடம் தவறாமல் கிரீஸ் போட்டு வைத்திருந்தார். செத்ததுக்கு எதற்கு கிரீஸ் என்று நான் கேலி செய்ததுண்டு. "செத்துதுன்னு உங்க ரிஜிஸ்டர் சொல்லுது, என் கை சொல்லல" என்பார்.

சாவியை இறக்கி இடப்பக்கம் தள்ளிப் பார்த்தார். இம்மி அசையவில்லை. "முழுசாத் திறந்துதான் இருக்கு" என்றார். பிறகு கைப்பிடியில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"உள்ள என்னமோ முனகுது. நீங்க கேளுங்க."

நான் காதை வைத்தேன். "எனக்கு என் பிரஷர்தான் கேக்குது."

அண்ணி சிரித்துக்கொண்டே செடிகளை விலக்கி மேலே ஏறத் தொடங்கினார். ஒரு மணி நேரம் முள்ளும் புதருமாக ஏறினோம். நான் வழியெல்லாம் புலம்பினேன், அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் கொடி மூடிக் கிடந்த கல்தொட்டி ஒன்று தெரிந்தது. அரைச் சுவர் உயரத்துக்குத் தளும்பத் தளும்பத் தண்ணீர். நிறைந்து வழிந்தது மறுபக்கம் ஓடைக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி தோள்வரை கையை விட்டுத் துழாவி, குழாயின் வாயைக் கண்டுபிடித்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"இழுக்கலை தம்பி. தண்ணி உள்ள போய் நிக்குது, ஓடலை. வால்வு வரைக்கும் வந்து நின்னுடுச்சு. வால்வு திறந்திருக்கு. அப்ப ஏன் தாண்டிப் போகல?"

அதே கேள்வியைத் திங்கட்கிழமை என்ஜினியரிடம் கேட்டார். எங்கள் என்ஜினியர் நல்ல மனிதர். நான்கு ஊரைக் கட்டி இழுக்கிறவர், அதனால் எதைக் கேட்டாலும் முதலில் கொட்டாவி வரும். "உள்ள இருக்கிற கதவு தண்டுலேருந்து கழண்டு விழுந்திருக்கும்மா. நாம திறந்துட்டதா நெனைப்போம், கதவு கீழ அடைச்சுக் கிடக்கும். வெட்டி எடுத்துட்டுப் புதுசு போடணும். அந்த அளவுல இப்ப யாரும் செய்யறதில்ல. அனுமதி வாங்கிச் சொல்லிச் செய்ய ஆறு மாசம் ஆகும்" என்றார்.

எங்களிடம் ஆறு மாதம் இல்லை. முப்பத்தொரு நாள் இருந்தது.

மோட்டார் அறைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் பம்ப்பு. அவர் ஒரு யோசனை சொன்னார். "ஆறு மாசம் எதுக்கு சார்? சாவியில ஆறடிக் குழாயை மாட்டி, இடப்பக்கம் நாலு பேர் தொங்கினா தன்னால வழிக்கு வரும்." என்ஜினியர் அரை மனதோடு தலையாட்டினார். புதன்கிழமை காலை பம்ப்பும் நான்கு ஆட்களும் ஆறடிக் குழாயோடு குழிக்கரையில் நின்றார்கள், பக்கத்தில் என்ஜினியரும் நானும். அண்ணி குழிக்குள் இறங்கி, வால்வின்மேல் காலை வைத்து நின்றுகொண்டார்.

"தள்ளி நில்லுங்க அக்கா" என்றார் பம்ப்பு.

"இடப்பக்கம் இது எள்ளளவும் நகராது. நாலு பேர் தொங்கினா தண்டு முறியும். முறிஞ்சா கல்லுமலையை வெச்சு அடைச்ச மாதிரி. அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். திறந்தேன். "எப்படியும் செத்ததுதானே அண்ணி, ஒரு கை பாத்துடட்டுமே."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை என் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். "உங்க அண்ணனையும் அப்படித்தான் ஜீப்புல ஏத்தினோம் தம்பி, ஒரு கை பாத்துடலாம்னு. பாதி வழியில விட்டுட்டோம். இந்த ஆஸ்பத்திரி போச்சுன்னா இனிமே மேல்தெருவுல எல்லாருக்கும் அதே ஜீப்புதான். சும்மா தொங்கிப் பாக்கறதுக்கு இது விளையாட்டுச் சாமான் இல்ல."

நான் தரையைப் பார்த்தேன். குழாய் பிடித்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அண்ணி என்ஜினியர் பக்கம் திரும்பினார். "சார், கதவு கழண்டு விழுந்திருந்தா, மூடற பக்கம் திருப்பினா தண்டு கனமே இல்லாம சுத்தும். சரியா?"

"சரிதான்."

"கனமா சுத்தினா கதவு தண்டோடதான் இருக்குன்னு அர்த்தம். வெட்ட வேண்டியதில்ல. சரியா?"

"அதுவும் சரி."

"அப்ப ஒரே ஒரு சுத்து மூடிப் பாக்கறேன்."

பதினோரு வருடத்தில் அவர் இருபத்தேழை வலப்பக்கம் திருப்பியதே இல்லை. அவர் மட்டுமல்ல, அவருக்கு முன்னால் என் அண்ணன், அவருக்கும் முன்னால் இருந்தவர்கள், ஒருவரும் திருப்பியதில்லை. தண்ணீரே வராத வால்வை எந்த மடையன் மெனக்கெட்டு மூடுவான்? இடப்பக்கம் தள்ளிப் பார்ப்பார்கள், அசையாது, முழுசாகத் திறந்திருக்கிறது என்று போய்விடுவார்கள்.

அண்ணி குழியிலிருந்து ஏறி வந்து சாவியை இறக்கினார், கைப்பிடியைப் பிடித்தார், வலப்பக்கம் அழுத்தினார். முதலில் ஒரு கிறீச். பிறகு அசைந்தது. கனமாக, மெதுவாக அசைந்தது. "கதவு இருக்கு" என்றார் அவர். இன்னொரு அரைச் சுற்று. காதை வைத்தார். அவர் முகம் மாறிவிட்டது. மறுபடி அரைச் சுற்று திருப்பினார், மறுபடி காதை வைத்தார்.

"சார், வந்து கேளுங்க."

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு என்ஜினியர் சேற்றில் மண்டியிட்டார். "சத்தம் கேக்குதும்மா. நல்லாவே கேக்குது."

"மூடினா சத்தம் குறையணும் சார். இது கூடுது."

என்ஜினியர் காதை எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு எழுந்திருக்க மனமில்லாதவர்போல் குழிக்கரையிலேயே உட்கார்ந்தார். "படிச்சிருக்கேன்மா" என்றார். "ஒரு மார்க் கேள்வி. சில நாட்டு வால்வுங்க வலப்பக்கம் திறக்கும், இடப்பக்கம் மூடும். பரீட்சையில அதை எழுதாம விட்டேன்."

துரை தன் நாட்டிலிருந்து வரவழைத்துப் பதித்த வால்வு. அவர் நாட்டில் அப்படித்தான் திறப்பார்களாம். தோட்டக்காரர் கடைசி நாளில் பொறுப்பாக மூடிவிட்டு ஊரைவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஆள் போய் இடப்பக்கம் திருப்பியிருக்கிறார். ஏற்கெனவே மூடிய வால்வு மூடுகிற பக்கம் எப்படி அசையும்? அசையவில்லை என்றதும், முழுசாகத் திறந்திருக்கிறது, லைன்தான் செத்தது என்று எழுதிவிட்டார். வேறு தொழில்காரர் யாராவது வந்திருந்தால் இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்திருப்பார். எங்களுக்குத்தான் இடப்பக்கம் என்றால் திறப்பு என்று கையிலேயே ஊறிப்போயிருந்தது. மூடின கதவுக்கு முப்பத்து நான்கு வருடமாகத் திறந்த கதவு என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறோம், அதில் பத்தொன்பது என் கைங்கரியம்.

அண்ணி தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "நானும்தான் தம்பி. வருஷா வருஷம் கிரீஸ் போட்டு, நல்லா இறுக்கி மூடிட்டு வந்திருக்கேன்." அடித்துக்கொண்ட கையோடே சிரிக்கவும் செய்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. நான் பாசியைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

பதினெட்டுச் சுற்று எண்ணித் திறந்தார். குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் எனக்கே, காதை வைக்காமலே, கேட்டது. அது எங்கே போய் வெளியே வரும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. காட்டேஜின் வரைபடம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. பத்தடிக்கு ஒரு தடவை சாவியைத் தரையில் ஊன்றிக் காதை வைத்துக்கொண்டே அண்ணி தெருவில் இறங்கினார். நாங்கள் ஊர்வலமாகப் பின்னால் போனோம். சத்தம் காட்டேஜ் ஸ்டாப்புக்கு வந்து நின்றது.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பம்ப்பு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செருப்புத் தைப்பவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் தார் உப்பி, வெடித்து, தண்ணீர் கொப்பளித்தது. சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது தள்ளி, ஆஸ்பத்திரி மதில் ஓரத்தில். மூன்றுக்கும் நடுவில் தார் ஈரமாகிக் கோடு கோடாக நிறம் மாறியது. அந்த நேரம் பார்த்து வந்த பஸ் திரும்ப முடியாமல் நின்றது. கண்டக்டர் இறங்கினார், பயணிகள் இறங்கினார்கள், கடையிலிருந்தவர்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா கையில் கையுறையோடு ஓடி வந்தார்.

அண்ணி ஈரத்தின்மேல் நடந்தார். பெஞ்சுப் பக்கம் நின்று, "இங்க குழாய் ரெட்டையா வருது. சமையல்கட்டா இருக்கும்" என்றார். செருப்புக் கடைக்கு வந்து, "இது தனியா ஒரு மூலை. குளிக்கற அறை" என்றார்.

"அப்ப நான் இருபது வருஷமா துரை குளிக்கற எடத்துலயா உக்காந்திருக்கேன்?" என்று கேட்டார் செருப்புத் தைப்பவர். "ஒரு நாளும் ஒரு சொட்டு குடுக்கலையே அந்த மனுஷன்."

கூட்டம் சிரித்து ஓய இரண்டு நிமிடம் ஆயிற்று. கூரையில்லாமல், சுவரில்லாமல், அந்த வீடு தரையில் ஈரமாக விரிந்து கிடந்தது. ஊருக்கு நடுவில் இத்தனை பெரிய வீடு நின்றது என்று நான் அன்றுதான் நம்பினேன். அண்ணி மூன்றாவது ஊற்றுக்குப் போனார். அங்கே கல்லைக் குடைந்த ஒரு தொட்டியின் விளிம்பு தாருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. குதிரைக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி. அதிலிருந்து ஆஸ்பத்திரி மதிலுக்கு அண்ணியின் காலால் இருபத்திரண்டு அடி.

"டாக்டரம்மா, உங்களுக்குக் குதிரைக் குழாய்தான் கிடைக்கும் போல, பரவாயில்லையா?"

"எனக்குக் கழுதைக் குழாயானாலும் சரி அக்கா" என்றார் டாக்டரம்மா. அவர் கண் கலங்கியிருந்தது.

அதன்பிறகு என் முறை. புது இணைப்பு என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். பழுதுபார்ப்பு என்றால் என்ஜினியர் கையெழுத்து போதும். நான் பழுதுபார்ப்பு என்று எழுதினேன்.

"புதுசாத்தானே குழாய் போடறோம்?" என்று கேட்டார் அண்ணி.

"இல்லாத வீட்டோட குழாய் உடைஞ்சு கிடக்கு. அதுக்கு ஒரு வால் ஒட்டறோம். ரிப்பேர்தான். உங்களுக்குச் சாவி, எனக்குப் பேனா. என் வேலையில மூக்கை நுழைக்காதீங்க."

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். என் மனைவிகூட அன்று சுவரைப் பார்த்து என்னைப் பாராட்டினாள்.

மேல்தெருக்காரர்கள் பள்ளம் தோண்டினார்கள். யாரையும் கூப்பிடவில்லை, தானாகவே கடப்பாரையோடு வந்தார்கள். பம்ப்பு தன் ஆறடிக் குழாயைக் கொண்டுவந்து இதற்காவது உதவட்டும் என்று பதிக்கச் சொன்னார், பதித்தோம். கல்தொட்டியை இறைத்துத் தேய்த்துக் கழுவ மூன்று நாள் ஆயிற்று. தண்ணீரைப் புட்டியில் அடைத்துச் சோதனைக்கு அனுப்பினோம். அதன் முடிவு வரும்வரை தினமும் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்டேன். அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் தாள் வந்தது. குடிக்க உகந்தது என்று இருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன், போன வருடத்தைப் பார்த்து எழுதிய மாதிரி இல்லை.

அதிகாரி ஒல்லியான மனிதர். பிரசவ அறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் ஒரே சீராக விழுந்தது. பதினைந்து நிமிடம் விழுந்தது. அவர் சலித்துப்போய்த் தானே மூடினார்.

"இன்னைக்கு வருது. நாளைக்கு வரும்னு என்ன நிச்சயம்? இந்த லைன் எந்த மேப்லயும் இல்லையே. இதுக்கு யார் பொறுப்பு?"

என்ஜினியர் தொண்டையைச் செருமினார். அவர் பேசுவதற்குள், வாசலில் நின்றிருந்த அண்ணி உள்ளே வந்தார். "நான் பொறுப்பு."

"நீங்க யாரு?"

"வால்வு திறக்கறவ."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோ உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"இந்த ஆஸ்பத்திரி இல்லாத காலத்துல நான் இங்கேருந்து டவுனுக்குப் போயிருக்கேன் சார். புருஷனோட கிளம்பினேன். பாதி வழியிலேருந்து தனியாத்தான் போனேன்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுதித் தருவீங்களா?" என்றார் அதிகாரி, குரலைத் தணித்து.

"எழுதறது தம்பி வேலை. கையெழுத்து நான் போடறேன்."

நான் எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக, என் கண்ணால் பார்த்ததை எழுதினேன். இந்த ஆஸ்பத்திரிக்குத் தினமும் தண்ணீர் வரும், வராத நாளில் என்னைக் கேளுங்கள் என்று அண்ணி சொன்னார், அதை அப்படியே எழுதினேன். அவர் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அதைத் தன் ஃபைலில் வைத்து, அடியில் ஒரு வரி எழுதி, முத்திரையை எடுத்துக் குத்தினார். "இங்கேயே தொடரலாம்" என்பதுதான் அந்த வரி.

வெளியே வந்தோம். மேல்தெரு முழுக்க மதிலோரம் நின்றிருந்தது. பம்ப்பு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான், தெரு ஒரே கூச்சலாகிவிட்டது. செருப்புத் தைப்பவர் தன் சுத்தியலால் பெட்டியை அடித்தார். யாரோ அண்ணியின் சாவியைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "கொண்டாங்கடா, சாயங்காலம் திறக்கணும்" என்று அண்ணி பின்னாலேயே போனார். நான் அழுதேன். கிளார்க் அழக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. டவுன் ஆஸ்பத்திரி லாரி. ஆஸ்பத்திரி எப்படியும் கீழே வந்துவிடும் என்று நினைத்து, படுக்கைகளை ஏற்றிவர முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். பின்னால் கயிறும் கோணிச் சாக்கும் கிடந்தன. டாக்டரம்மா முத்திரை குத்திய தாளை டிரைவரிடம் காட்டினார். டிரைவர் தலையைச் சொறிந்தார், கூட்டத்தைப் பார்த்தார், காலியான லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்ளோ தூரம் மலையேறி வந்திருக்கேன். வெறும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா, ஏன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அண்ணி சாவியை மீட்டுத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தார்.

"மேல தண்ணி இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.